பூஜ்யம் போட்ட டிக்கெட்டையும் எண்ணுங்கள்: கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் (கும்டா) உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். கல்லூரியில் படித்தபோது, செமஸ்டர் விடுமுறையில் நாள் சம்பளத்துக்கு வண்டி எண்ணப் போயிருக்கிறேன். ஏதோ ஒரு ஆலோசனை நிறுவனம் எங்கள் வகுப்பிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிப்போய் ஒரு நாற்சந்தியில் உட்கார வைத்தது, பக்கத்துக்கு இரண்டு பேராக. மடியில் ஒரு பரீட்சை அட்டை. அதில் கட்டம் போட்ட தாள்: கார், ஆட்டோ, டூவீலர், பஸ், வேன், லாரி, சைக்கிள், மாட்டு வண்டி. வண்டி போகப் போக நாலு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். கால் மணிக்கு ஒரு தாள். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எனக்கும் தோழிக்கும் கழிப்பறை போக வேண்டியிருந்தது. சந்திப்பில் கழிப்பறை இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடையில் கெஞ்சிக் கூத்தாடிப் போய்விட்டு வந்தபோது ஒரு தாள் முழுக்க வெள்ளையாக இருந்தது. முந்தைய தாளைப் பார்த்து, கார் கட்டத்தில் ஏழு கூட்டி, ஆட்டோவில் நாலு குறைத்து, கோடு கோடாகக் கிழித்து நிரப்பிவிட்டோம். மேற்பார்வை பார்க்க வந்தவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகவே, அந்தக் காலத்து அட்டையும் பென்சிலும்தான் உண்மை, இந்தக் காலத்துக் கேமராவும் போனும் ஏமாற்று என்று எழுத நான் உட்காரவில்லை. இன்று என் பிழைப்பே தரவுதான். ஓ.எம்.ஆர். என்னும் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் பெரிய பெரிய அட்டவணைகளைச் சலித்துக் கொடுப்பது என் வேலை. உங்கள் மேசைக்கு இப்போது என்னவெல்லாம் வந்து சேரும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது: பேருந்துகளின் ஜி.பி.எஸ். தடம், டிக்கெட் மெஷினின் பதிவு, மெட்ரோ கதவு திறந்த நேரம், சிக்னல் கேமரா எண்ணிய வண்டி, கைப்பேசிகள் சொல்லும் சாலை வேகம், 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் மக்கள் தேடும் வழிகள். 2010-ல் சட்டம் போட்டு, 2019-ல் அமலாக்கி, 2022-ல்தான் முதல் கூட்டம் கூடிய குழுமம் உங்களுடையது. தாமதமாக வந்ததில் ஒரு லாபம், வந்தவுடன் கையில் இவ்வளவும் இருக்கிறது. என் கவலை வேறு. இவ்வளவு தரவும் யாரை எண்ணுகிறது என்பதுதான்.

2020-ல் வெளியான ஒரு காணொளியில், பெர்லினில் ஒரு கலைஞர் 99 பழைய கைப்பேசிகளை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் அடுக்கி, காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். எல்லாப் போனிலும் கூகுள் மேப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்துபோனது. வண்டியே இல்லாத இடத்தில் நெரிசல்! பலரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு உறைக்கிறது. துரைப்பாக்கத்தில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு பேருந்தில் எழுபது பெண்கள் நின்றுகொண்டு போகிறார்கள். பாதிப் பேரிடம் பட்டன் போன். மீதிப் பேரிடம் இருப்பதில் நெட் பேக் தீர்ந்து கிடக்கும். சாலை காலி, வரைபடத்தில் பச்சை. அந்தப் பச்சைக்குள்ளே எழுபது பேர் இருப்பது யாருக்கும் தெரியாது.

அந்த எழுபது பேரில் ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணகி நகர் அக்கா. முன்பு ஆற்றோரத்தில் குடிசை. வீடு கொடுக்கிறோம் என்று பெயர்த்துக் கொண்டுவந்து நகரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தார்கள். வீடு இங்கே வந்துவிட்டது, வேலை அங்கேயே நின்றுவிட்டது. அடையாறில் மூன்று வீடுகளில் பாத்திரம், துணி. முதல் வீட்டில் ஆறரைக்கு நிற்க வேண்டும், அந்த வீட்டம்மா ஏழு மணிக்கு அலுவலகம் கிளம்பிவிடுவார். மூன்றாவது வீட்டை முடித்துக்கொண்டு திரும்பும்போது ரேஷன் கடை, பிறகு பேத்தியின் பள்ளிக்கூடம். எங்கள் பயணம் வீடு, அலுவலகம், வீடு என்று கோடு போட்ட மாதிரி. அக்காவுடையது முடிச்சு முடிச்சாகப் போகும்.

ஒருநாள் என் போனில் பேருந்து எங்கே வருகிறது என்று பார்த்துச் சொன்னேன். மூன்று நிமிஷத்தில் வரும் என்று காட்டியது. மூன்று நிமிஷம் பத்தானது, பத்து இருபதானது, சின்ன பஸ் படம் மட்டும் வரைபடத்தில் ஒரே இடத்தில் நின்றது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “போன்ல வர்ற வண்டில நீ போ கண்ணு, நான் ரோட்ல வர்ற வண்டில போறேன்” என்றபடி ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார். எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை.

அந்த அக்கா உங்கள் தரவில் எங்காவது இருக்கிறாரா? தேடிப் பார்த்தால் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறார். பூஜ்யம் போட்ட டிக்கெட்டில்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வந்தது, பேருந்தின் முகத்துக்கு இளஞ்சிவப்பு வந்தது. காசு வாங்காவிட்டாலும் டிக்கெட் கிழித்தார்கள். எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்தால்தானே அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கட்ட முடியும். ஆக, அது ஒரு கணக்குச் சீட்டாகத்தான் பிறந்தது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னபோது அந்தத் தொகை எல்லா மேடையிலும் ஏறியது. நல்லது. ஆனால் அந்தச் சீட்டில் ரூபாயைத் தவிர வேறொன்றும் இருக்கிறது. மெஷினில் அடிக்கும் டிக்கெட் எதுவானாலும் அது ஒரு ஸ்டேஜில் (கட்டணம் கணக்கிடும் நிறுத்தத்தில்), ஒரு நேரத்தில், ஒரு தடத்தில் அடிக்கப்படுகிறது. எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்ற கதை நாள் தவறாமல் அதில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் ஸ்டேஜ் வந்தால் பேருந்தை ஓரங்கட்டி, நடத்துநர் பென்சிலை எச்சில் தொட்டு இன்வாய்ஸ், அதாவது அதுவரை கிழித்த டிக்கெட்டின் கணக்கு, எழுதுவார். உள்ளே வேர்த்து வழியும் கூட்டம் “எழுதினது போதும், எடுய்யா வண்டிய” என்று கத்தும். திட்டிக்கொண்டே நாம் காத்திருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் ஊரின் பயணக் கணக்கு எழுதப்பட்டது. கட்டுக் கட்டாக டிப்போவுக்குப் போய், வசூலோடு ஒத்துப்பார்த்தபின் மூட்டையில் கட்டப்பட்டது. மெஷின் வந்து அந்த மூட்டையை அவிழ்த்துவிட்டது. எந்த நாட்டிலிருந்தும் வாங்க வேண்டியதில்லை, டெண்டர் விட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கிற பாத்திரம் இது.

குறை இல்லாமல் இல்லை. எழுபது பேர் நெருக்கும் வண்டியில் நடத்துநர் ஒவ்வொருவரிடமும் இறங்குமிடம் கேட்டு அடிப்பது நடக்கிற காரியமா? எங்கே இறங்கினாலும் காசு பூஜ்யம்தான் என்னும்போது அதைச் சரியாக அடிக்கத் தூண்டுகோலும் இல்லை. ஆகவே இறங்கும் ஸ்டேஜை அப்படியே நம்பக் கூடாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஏறும் ஸ்டேஜ் அவ்வளவாகப் பொய் சொல்லாது. காலையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியேற்றப் பகுதிகளில் ஏறியவர்கள் எங்கே போனார்கள் என்பதை அறிய, மதியமும் மாலையும் அதே தடங்களில் எந்த ஸ்டேஜ்களில் பூஜ்ய டிக்கெட் குவிகிறது என்று பார்த்தாலே முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். போன இடத்திலிருந்துதானே திரும்ப ஏறியாக வேண்டும். மிச்சத்தை நடத்துநர்களை உட்கார வைத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாததா?

இதை எழுதும்போதே ஒரு மறுப்பும் காதில் விழுகிறது: “அம்மா, சிக்னலும் மேம்பாலமும் திட்டமிட வண்டிக் கணக்குத்தான் வேண்டும், டிக்கெட் கணக்கு இல்லை.” அங்கேதான் பழைய நோய் புதிய கருவிக்குள்ளும் புகுந்துகொள்கிறது. சாலைத் துறையில் எல்லா வண்டியையும் காருக்குச் சமமாக மாற்றி எண்ணும் பி.சி.யு. என்றொரு வாய்ப்பாடு உண்டு. நகரச் சாலைகளுக்காக, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட 106-ஆம் வழிகாட்டியில், கார் என்றால் 1. டூவீலர் 0.5, கூட்டத்தில் அதன் பங்கு கூடினால் 0.75. பேருந்தும் லாரியும் ஒரே வரிசை: 2.2, பங்கு கூடினால் 3.7. சாலையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்தால் இது நியாயம்தான். ஆனால் எழுபது பேரைச் சுமக்கும் பேருந்து, ஆளுக்கொரு காராக வரும் நாலு பேரைவிடச் சற்றுக் குறைவு என்று ஒரு கணக்கில் பதிந்துவிட்டால், பிறகு அந்தக் கணக்கிலிருந்து முளைக்கிற திட்டம் எதுவாக இருக்கும்? கார்களுக்கான மேம்பாலமாக இருக்கும். நடந்து போகிறவருக்கு அந்த வாய்ப்பாட்டில் எண்ணே கிடையாது. என் தாளில் மாட்டு வண்டிக்குக்கூடக் கட்டம் இருந்தது, நடப்பவருக்கு இல்லை. 2014-ல் நாட்டிலேயே முதலாவதாக, நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்றே கொள்கை வகுத்த மாநகராட்சி சென்னையுடையது என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது.

இப்போது கேமரா எண்ணுகிறது. மனுஷியைப்போல அதற்குக் கழிப்பறை தேட வேண்டியதில்லை, மூன்றேகால் மணிக்கும் தாள் வெள்ளையாக இருக்காது. ஆனால் அதற்கும் யாரோ ஒருவர்தான் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார். நெரிசலைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்களை நகரத்தில் கொண்டுவருவது பற்றி நிறையப் பேசுகிறோம். வண்டி வரிசை நீண்டால் பச்சை நீளும். சரி, சாலையைக் கடக்க நிற்கும் பாட்டிகளின் வரிசை நீண்டால்? அந்த வரிசையைப் பார்க்கக் கருவிக்குச் சொல்லியிருக்கிறோமா? அடுத்த ஒப்பந்தத்தில் நடப்பவரையும் எண்ண வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். கேமரா மறுக்கப்போவதில்லை.

ஷேர் ஆட்டோவுக்கு வருகிறேன். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் நிறுத்தத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். “தொரப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், ஏறு ஏறு, ரெண்டு பேர் உள்ள தள்ளு” என்று ஒரே மூச்சில் தடத்தையே கூவிவிடுவார்கள். அட்டவணை இல்லை, ஸ்டேஜ் இல்லை, டிக்கெட் இல்லை. பேருந்து வராத இடைவெளியில் ஊரைத் தூக்கிச் சுமப்பது இதுதான். ஆனால் நான் மேலே அடுக்கிய தரவு எதிலும் ஷேர் ஆட்டோ ‘ஷேர் ஆட்டோ’வாக இல்லை. கேமராவுக்கு அது ஒரு ஆட்டோ அல்லது சின்ன வேன், போனுக்கு அது நின்று நின்று ஊர்ந்து போகும் ஏதோ ஒரு கார். பேருந்தின் ஜி.பி.எஸ். தடத்தையும் ஏறும் கணக்கையும் மட்டும் வைத்து இந்தத் தடத்தில் ஆள் குறைவு, ட்ரிப்பைக் குறைக்கலாம் என்று யாராவது அறிக்கை எழுதினால், ஆள் குறைவா, அல்லது வண்டி வராததால் ஆட்டோவுக்குப் போய்விட்டார்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். கிளம்பாமலே வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு. விடிகாலைப் பேருந்து இல்லாததால் அடையாறு வீட்டு வேலையை விட்டுவிட்டு அருகிலேயே குறைந்த சம்பளத்துக்குப் போனவரை எந்தக் கருவி எண்ணும்?

இன்னொன்றும் ஓ.எம்.ஆரில் அன்றாடம் போய்வருகிறவள் என்ற முறையில் சொல்ல வேண்டும். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை வரும் மெட்ரோவின் மூன்றாவது வழித்தடத்துக்காக இந்தச் சாலையில் வருஷக்கணக்காகத் தடுப்புகள். யூ டர்ன் இன்று ஒரு இடத்தில், அடுத்த மாதம் அரைக் கிலோமீட்டர் தள்ளி. இந்தக் காலத்துப் போன் தரவை வாங்கி ஓ.எம்.ஆரில் மக்கள் இப்படித்தான் போகிறார்கள் என்று இருபத்தைந்து வருஷத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டால், அது மக்களின் கணக்காக இருக்காது, தகரத் தடுப்புகளின் கணக்காக இருக்கும். எந்த மாதத் தரவு, அப்போது எந்தச் சாலை வெட்டிக் கிடந்தது என்பதையும் தரவோடு சேர்த்தே எழுதி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அதை எடுத்துப் பார்க்கும் பொறியாளர் உங்களை வாழ்த்துவார்.

இவ்வளவு எண்ணச் சொல்லிவிட்டு, யாரென்று தெரியாமல் எண்ணுங்கள் என்றும் சொல்லியாக வேண்டும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் கைப்பேசித் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். பெயர் இல்லை, எண் இல்லை. ஆனாலும் ஒருவர் இந்நேரத்தில் இன்ன இடத்தில் இருந்தார் என்று நாலே நாலு புள்ளி தெரிந்தால், 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. 2014-ல் நியூயார்க்கில் டாக்ஸிப் பயணங்களின் பதிவு வெளியானபோது, மறைத்துவிட்டதாக நினைத்த வண்டி எண்களைக் கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் அவிழ்த்துக் காட்டினார். வாரா வாரம் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குப் போய்வரும் ஒருவரின் தடம் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று சொல்லி நாம் கை கழுவிவிட முடியாது.

லண்டனில் 2016-ன் கடைசியில் நாலு வாரம், 54 சுரங்க ரயில் நிலையங்களில் வைஃபை வழியாகப் பயணிகளின் போக்கைக் கவனித்தார்கள். அட்டையைத் தட்டி உள்ளே போவதும் வெளியே வருவதும் ஏற்கெனவே தெரியும், நடுவில் எந்த வழியாகப் போனார்கள் என்பதுதான் தெரியாது. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூ போகிறவர்கள் குறைந்தது 18 வெவ்வேறு வழிகளில் போயிருந்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பதினெட்டு அல்ல. ‘இங்கே இதைச் செய்துகொண்டிருக்கிறோம், வேண்டாமென்றால் உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிடுங்கள்’ என்று நிலையம் நிலையமாகச் சுவரொட்டி ஒட்டினார்களே, அது. நம் ஊரில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் தமிழில் அப்படி ஒரு சுவரொட்டி ஒட்டினால் நான் வேலை மெனக்கெட்டுப் போய்ப் படம் எடுத்துக்கொள்வேன்.

பூஜ்ய டிக்கெட்டின் இன்னொரு அழகு இங்கேதான். அதற்குப் பெயரே கிடையாது. பிறக்கும்போதே யாருடையது என்று தெரியாத சீட்டு. அக்கா என்ன வேலை செய்கிறார், எந்த வீட்டுக்குப் போகிறார் என்று அது யாரிடமும் சொல்லாது. ஒரு ஸ்டேஜில் ஒரு மணி நேரத்தில் இத்தனை என்று மட்டும் சொல்லும். ஆகவே அதை வெளியிடுவதில் அஞ்ச ஒன்றுமில்லை. ஸ்டேஜ் வாரியாக, மணி வாரியாக, மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். நாலைந்து பேர் மட்டுமே ஏறிய இடங்களைப் பக்கத்து ஸ்டேஜோடு சேர்த்துவிடலாம். டெல்லி 2018-லேயே பேருந்துத் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே வருஷம் கொச்சி மெட்ரோவும் திறந்தது. பேருந்து இப்போது எங்கே நிற்கிறது என்ற நேரலை பயணிக்குப் போதும். திட்டத்தைக் கேள்வி கேட்கிறவருக்குப் போன மாதமும் போன வருஷமும் வேண்டும்.

தரவை விற்கும் நிறுவனங்களிடம் ஒப்பந்தம் போடும்போது, சேகரித்த மூலத் தரவு குழுமத்துக்கே சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் நிறுவனத்தின் கணினியில் மிச்சம் இருக்கக் கூடாது என்று எழுதுங்கள். வண்ண வண்ணமாக வரைந்த பி.பி.டி. மட்டும் கோப்பில் நிற்க, அதற்கு அடியில் இருந்த எண்களை அடுத்த ஆய்வுக்கு மறுபடியும் காசு கொடுத்து வாங்கும் கூத்து வேண்டாம்.

அட்டையையும் பென்சிலையும் முழுக்கத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு வாரம், மறுகுடியேற்றப் பகுதிகளில் விடிகாலை நாலரை முதல் ஆட்களை நிறுத்தி எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைப் போன் தரவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால், அந்தத் தூரம்தான் உங்கள் விலையுயர்ந்த தரவு பார்க்காமல் விட்ட ஊர். எண்ணப் போகிறவர்களில் பெண்கள் இருந்தால், அருகில் எங்கே கழிப்பறை என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் கைக்கணக்காக நிரப்பிய அந்தத் தாள் எந்த அலுவலகத்தின் எந்தக் கோப்பில் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. சந்திப்பின் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்டால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பிற்பகல் 3:15 முதல் 3:30 வரை அங்கே போன வண்டிகளின் எண்ணிக்கையை அடித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓ.எம்.ஆர். பயணி ஒருத்தி